முதல் மினியேச்சர், முதல் போட்டி: வேலூர் வெயிலில் வண்ணம் பழகுபவர்களுக்கு

"வீடியோவில் காட்டியபடியேதான் செய்தேன், ஆனால் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துபோகிறது." மினியேச்சர் பெயிண்டிங், அதாவது விரலளவு உருவப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டப் பழக வருபவர்கள் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். அவர்கள் கையில் தவறு எதுவும் இல்லை. அந்த வீடியோவை எடுத்தவர் குளிர்ந்த ஊரில், மூடிய அறையில் உட்கார்ந்திருக்கிறார். நாம் வேலூர் சத்துவாச்சாரியில், நாற்பது டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில், தலைக்கு மேலே ஃபேன் சுழல உட்கார்ந்திருக்கிறோம். பெயிண்டும் பிரஷும் அதேதான். காற்றும் தண்ணீரும் வேறு.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்தில் இந்தக் கலையைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையிலோ பெங்களூரிலோ நடக்கும், இந்தப் பொழுதுபோக்கில் ஆர்வமுள்ளவர்கள் கூடும் ஒரு ஹாபி கன்வென்ஷனின் போட்டி மேசையில் உங்கள் உருவம் ஒன்று நிற்க வேண்டும், அதுதான் இலக்கு. பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, முழுமையாக முடிந்த ஒரு உருவத்தோடு போவது எப்படி என்று பார்ப்போம்.

எந்த உருவத்தை எடுப்பது

அளவுகளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேசை விளையாட்டுக்கான உருவங்கள் பெரும்பாலும் 28 அல்லது 32 மி.மீ. இந்த எண் பொதுவாகப் பாதத்திலிருந்து கண் மட்டம் வரையிலான உயரம். காட்சிக்காகவே செய்யப்படுபவை 54, 75 மி.மீ. இதற்கும் மேலே மார்பளவுச் சிலைகள் உண்டு. பழக 28 மி.மீ. நல்லது. விலை குறைவு, சீக்கிரம் முடியும், பாழானால் மனம் பெரிதாக வலிக்காது. அப்படி ஐந்தாறு உருவங்களை முடித்த பிறகு போட்டிக்கு 54 மி.மீ. எடுங்கள் என்பது என் கருத்து. கண்ணும் உதடும் விரல் நுனிக்கு எட்டும் அளவில் இருக்கும். அதேசமயம் அடிக்க வேண்டிய பரப்பு அளவுக்கு மீறிப் போகாது.

எடுத்துக்காட்டாக ஒரே உருவத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்: 1806-இல் வேலூர்க் கோட்டையில் இருந்த மதராஸ் படைச் சிப்பாய். நம் ஊர்க்காரர் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பழகுபவரைத் திணறடிக்கும் நான்கு நிறங்களும் அவரிடம் ஒன்றாக இருக்கின்றன. சிவப்பு அங்கி, வெள்ளைத் துணி, கறுப்புத் தோல் வார், நம்மைப் போன்ற மாநிற முகம். இந்த நான்கையும் ஒழுங்காக அடிக்கப் பழகிவிட்டால் வேறு எந்த உருவத்துக்கும் பயப்பட வேண்டாம். மைசூர்ப் போர்க் காலத்துச் சிப்பாய் உருவங்கள் கிடைக்கின்றன. தலைப்பாகை மட்டும் பொருந்தவில்லை என்றால் பிசைந்து வைத்தால் இறுகும் எபாக்ஸி புட்டியில் நீங்களே செய்து வைக்கலாம்.

அந்தத் தலைப்பாகையில்தான் கதையே இருக்கிறது. 1805 நவம்பரில் வந்த ஆணைப்படி, தோலில் செய்த சின்னம் பொருத்திய, தொப்பி போன்ற புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள் அணிய வேண்டும். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியும் கூடாது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் எழுந்த கிளர்ச்சிக்கு இது முக்கியக் காரணம். வண்ணம் தீட்டுபவருக்கு இந்த விவரம் பொன் போன்றது. நெற்றியை வெறுமையாக விடுங்கள். காது மடலில் கடுக்கன் கழற்றிய துளையை ஒரு சிறு கரும்புள்ளியாக வையுங்கள். பார்ப்பவர் குனிந்து பார்த்து, "இது என்ன?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும்.

ஒரு காலை நேரம் கோட்டைக்குப் போய்விட்டு வாருங்கள். உள்ளே இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும், மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூணையும் பாருங்கள். கோட்டைச் சுவரின் கருங்கல்லைப் பக்கத்தில் நின்று, வெயில் ஏறுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்து வையுங்கள். உருவம் நிற்கும் தளமான பேஸைச் செய்யும்போது தேவைப்படும்.

என்னென்ன வாங்கலாம்

நல்ல பிரஷ் இரண்டு போதும், 1-ஆம் எண்ணும் 0-ஆம் எண்ணும். முடிந்தால் கோலின்ஸ்கி சேபிள் முடி. கண் வரைய 000 வேண்டும் என்று பலர் வாங்குகிறார்கள். நம் ஊருக்கு அது சரிவராது. அவ்வளவு மெல்லிய பிரஷில் ஒட்டும் துளிப் பெயிண்ட், கண்ணைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும். வயிற்றுப் பகுதி பருமனாகவும் நுனி ஊசியாகவும் இருக்கும் 1-ஆம் எண்தான் இங்கே வேலை செய்யும். பேஸுக்கும் முரட்டு வேலைக்கும் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சிந்தெடிக் பிரஷ்கள் போதும்.

பெயிண்டில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடமும் உண்டு, பிடிக்கக் கூடாத இடமும் உண்டு. கேம்லின் ஆர்டிஸ்ட் அக்ரிலிக், ஃபெவிக்ரில் போன்றவை பேஸுக்கும் பாறைக்கும் மண்ணுக்கும் அருமை. ஆனால் அவற்றை மெல்லிய பூச்சாக அடித்தால் பரப்பு சற்றுச் சொரசொரப்பாகத் தெரியும். முகத்துக்கும் துணிக்கும் மினியேச்சருக்கென்றே வரும் வல்லேஹோ, சிட்டடெல், ஆர்மி பெயின்டர் போன்றவற்றில் எட்டு பத்து நிறம் வாங்குங்கள். ஐம்பது நிறம் அடங்கிய பெட்டி வேண்டாம். கலக்கப் பழகுவதுதான் பாதி வித்தை.

மீதியெல்லாம் ஹார்டுவேர் கடைச் சாமான்: கட்டர் கத்தி, 400 முதல் 1000 வரை நீர்த் தேய்ப்புத் தாள், ஃபெவிக்விக், எம்-சீல், 1 மி.மீ. துளையிடும் கைத்துரப்பணம், ஜெம் கிளிப். நகைப் பட்டறைகளில் தலையில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அப்புறம் வெளிச்சம். நிறத்தைச் சரியாகக் காட்டும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு இரண்டு, இடமும் வலமுமாக வைக்க வேண்டும். ஒரே விளக்கென்றால் உங்கள் கை நிழலிலேயே வேலை பார்க்க வேண்டியிருக்கும். காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷைப் பற்றி முதல் வருடம் நினைக்கவே வேண்டாம்.

பெயிண்ட் திறப்பதற்கு முன்னால்

போட்டியில் பலர் தோற்பது இங்கேதான். வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சிப்பாயின் கால் ஓரத்தில் அச்சின் இரு பாதி சேர்ந்த கோடு தெரிந்தால் நடுவரின் கண் அங்கேயே நின்றுவிடும். மோல்ட் லைன் என்கிறோமே, அதுதான். பெயிண்ட் அதை மறைக்காது, எடுத்துக் காட்டும்.

உருவத்தை முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி நிழலில் காயவிடுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழற்றத் தடவிய எண்ணெய்ப் பசை போக வேண்டும். இல்லாவிட்டால் வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான ப்ரைமர் பிடிக்காமல் உரியும். பிறகு கத்தியின் கூர்ப்பக்கத்தால் வெட்டாமல் முதுகுப் பக்கத்தால் சுரண்டுங்கள். காரட் தோல் சீவுகிற மாதிரி, மெதுவாக, ஒரே திசையில். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் மிச்சமிருக்கும் கோடு நிழலாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தட்டுப்படும்.

ரெசினில் 3டி பிரின்ட் எடுத்த உருவம் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. அடுக்கடுக்கான கோடுகளையும், தாங்கிகள் ஒட்டியிருந்த புள்ளிகளையும் நீர்த் தேய்ப்புத் தாளால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். உலர் தேய்ப்பு வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்துத் தேய்த்தாலும் முகக்கவசம் போடுங்கள். பிசுபிசுப்பாக இருக்கும் ரெசினை வெறும் கையால் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். பிரின்ட்டைக் கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாமல், திறந்த தட்டில் மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடுங்கள். குழந்தைகளும் பூனையும் எட்டாத இடமாக, அடுப்பும் தீயும் பக்கத்தில் இல்லாத இடமாக இருக்கட்டும். ஆல்கஹால் ஆவியாகி, அடியில் தங்கும் ரெசின் கெட்டிப்பட்டுவிடும்.

வளைந்த துப்பாக்கிக் குழலும் ஈட்டியும் நம் ஊர்க் கோடையில் சகஜம். கார் உள்ளே ஒரு மணி நேரம் விட்டாலே மெல்லிய ரெசின் வளைந்துகொள்ளும். கை பொறுக்காத அளவு சூடான தண்ணீரில் சில விநாடி முக்கி, நிமிர்த்திப் பிடித்து, குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். நேராக நிற்கும்.

கை, தலை போன்ற துண்டுகளை வெறும் பசையில் ஒட்டினால் ரயில் குலுக்கலுக்கே கழன்றுவிடும். இரண்டு பக்கமும் துளையிட்டு, ஜெம் கிளிப் கம்பித் துண்டைச் செருகிப் பிறகு ஒட்டுங்கள். இடைவெளியை எபாக்ஸி புட்டியால் நிரப்பி, ஈரமான பிரஷால் நீவிச் சமன் செய்யுங்கள். எம்-சீல் சீக்கிரம் இறுகிக் கல்லாகிவிடும் என்பதால் இடைவெளி அடைக்க அது சரி. தலைப்பாகையின் மடிப்பு போன்ற நுண்வேலைக்கு மெதுவாக இறுகும் கிரீன் ஸ்டஃப், மில்லிபுட் போன்றவை வசதி.

ப்ரைமரும் பருவமும்

ஸ்ப்ரே ப்ரைமர் அடிக்க நம் ஊரில் நேரம் பார்க்க வேண்டும். கோடையில் நண்பகலில் அடித்தால், துளிகள் உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, உப்புத்தாள் மாதிரிப் பரப்பு வந்துவிடும். காலை ஆறு மணியிலிருந்து எட்டுக்குள் அடியுங்கள், காற்று இல்லாத நாளாகப் பார்த்து. இருபது முப்பது செ.மீ. தூரத்தில், நிறுத்தி நிறுத்தி, மெல்லிய பூச்சாக. டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள். ஐம்பது டிகிரிக்கு மேல் சூடேறினால் வெடிக்கும் ஆபத்து உண்டு, மொட்டை மாடித் தரை மே மாதத்தில் அந்தச் சூட்டை எட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரேயையே மறந்துவிட்டு, பிரஷால் பூசும் ப்ரைமருக்கு மாறிவிடுங்கள்.

முதலில் முழுக்கக் கறுப்பு, பிறகு நேர் மேலிருந்து மட்டும் வெள்ளை. இப்படி அடித்தால் உச்சி வெயிலில் நிற்கும் மனிதனுக்கு எங்கெங்கே வெளிச்சம் விழும் என்ற வரைபடம் உருவத்தின் மேலேயே கிடைத்துவிடும். அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு வண்ணத்தைத் தொடங்குங்கள்.

தட்டு, தண்ணீர், ஃபேன்

இதில்தான் வெளிநாட்டு வீடியோவும் நம் மேசையும் பிரிகின்றன. ஈரத் தட்டு இல்லாமல் வேலூரில் அக்ரிலிக் வேலை செய்யவே முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். கடையில் வெட் பேலட் என்று விற்கிறார்கள், வாங்கத் தேவையில்லை. இறுக மூடும் ஸ்வீட் டப்பா ஒன்றில் பாத்திரம் துடைக்கும் ஸ்பாஞ்சுத் துணியை விரித்து, தண்ணீர் ஊற்றி, மேலே கேக் செய்யப் பயன்படுத்தும் பேக்கிங் தாளை வைத்து நீவிவிட்டால் தட்டு தயார். படம் வரையும் டிரேசிங் தாள் வேண்டாம், நனைந்தால் சுருங்கி அலையாகிவிடும். வேலை முடிந்ததும் மூடி வைத்தால் கலந்த நிறம் மறுநாளும் ஈரமாக இருக்கும். கோடையில் மூன்றாம் நாள் பூசண வாடை வரும். தண்ணீரை மாற்றி, ஸ்பாஞ்சைக் கொதிநீரில் அலசிக் காயவையுங்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் வீட்டு போர்வெல் தண்ணீர் வாளியிலும் குழாயிலும் வெள்ளைப் படிவம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு உங்கள் வாஷிலும், அதாவது பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த பூச்சிலும், இறங்கும். கறுப்புத் துணியின் மடிப்பில் காய்ந்த பிறகு சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு படலம் தெரிந்தால் பெயிண்டைத் திட்டாதீர்கள், தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். பிரஷ் அலச எந்தத் தண்ணீரும் சரி. நிறம் கரைக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணீரைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

ஃபேனை நிறுத்த வேண்டும். கஷ்டம்தான், ஆனால் வேறு வழியில்லை. சீலிங் ஃபேன் காற்று தட்டையும் உலர்த்தும், பிரஷ் நுனியையும் உலர்த்தும், தூசியையும் கொண்டுவந்து ஈர முகத்தில் ஒட்டவைக்கும். நான் கோடையில் விடியற்காலை நாலரை மணிக்கு உட்கார்ந்து ஏழு மணிக்கு எழுந்துவிடுவேன். அந்த நேரம் அமையாதவர்கள் டேபிள் ஃபேனைத் தரையில் வைத்துக் காலுக்கு மட்டும் காற்று வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள்.

எந்தப் பதம் என்று கேட்பார்கள். முதல் பூச்சுக்குக் காய்ச்சாத பால் பதம். ஒரே பூச்சில் மூடப் பார்க்காமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் போடுங்கள், ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. நிறத்தை மெல்ல மெல்ல மாற்றும் கிளேஸுக்கு நீர்மோர் பதம். கிளேஸ் போடும்போது பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டு இழுங்கள், கோடு முடியும் இடத்தில்தான் நிறம் அதிகம் தங்கும். நிழல் வேண்டுமென்றால் நிழலை நோக்கி இழுக்க வேண்டும், வெளிச்சம் வேண்டுமென்றால் வெளிச்சத்தை நோக்கி.

வாஷ் என்பது பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த கறுநிறம். நம் சூட்டில் அதன் ஓரம் முதலில் காய்ந்து, சட்டையில் காய்ந்த டீக்கறை மாதிரி வளையம் விடும். முழு உருவத்திலும் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். ஒரு கை, ஒரு மடிப்பு என்று சிறு சிறு பகுதியாகப் போட்டு, தேங்கியதை ஈரப் பிரஷால் உடனே உறிஞ்சி எடுங்கள்.

பிரஷை வாயில் வைத்து நுனி கூராக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கின்றன. அந்தப் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம்.

முகம், சிவப்பு, வெள்ளை, கறுப்பு

முகத்திலிருந்து தொடங்குங்கள். நடுவர் முதலில் பார்ப்பதும் முகம்தான், நமக்கு அதிகம் திருத்த வேண்டியிருப்பதும் முகம்தான்.

கடையில் "ஸ்கின் டோன்" என்று வரும் பாட்டில்களில் பல ஐரோப்பியத் தோலுக்கானவை. அதைக் கருக்க நினைத்து பிரவுன் சேர்ப்பதும், வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்ப்பதும்தான் புதியவர் செய்வது. வெள்ளை சேர்ந்த மாநிறம் சாம்பல் பூசினாற்போல் உயிரற்றுப் போகும். நான் கலப்பது இப்படி: அடிநிறம் பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, அதில் கொஞ்சம் யெல்லோ ஓக்கர். வெளிச்சத்துக்கு ஓக்கரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசி இரண்டு புள்ளிகளுக்கு மட்டும் தந்த நிறம் ஒரு துளி. நிழலுக்குக் கறுப்பு சேர்க்க மாட்டேன். அம்பரில் அல்ட்ராமரைன் நீலமோ ஊதாவோ கலப்பேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உங்கள் முழங்கையின் மடிப்பைப் பாருங்கள், அந்த ஊதாச் சாயல் அங்கே இருக்கிறது.

கறுத்த மேனியில் வடிவத்தைக் காட்டுவது மினுமினுப்புதான். வெயிலில் நடந்து வந்தவர் நெற்றியையும் மூக்குத் தண்டையும் கன்ன எலும்பையும் நினைத்துப் பாருங்கள். ஒளி பரவலாக இல்லாமல் சிறு சிறு இடங்களில் பளிச்சென்று விழுகிறது. ஆகவே ஹைலைட்டின் பரப்பு சிறிதாக, எல்லை கூர்மையாக இருக்கட்டும். உள்ளங்கை வெளிறியது, விரல் முட்டி கறுத்தது. மேலுதடு கருஞ்சிவப்பு, கீழுதட்டில் லேசான இளஞ்சிவப்பு. கண்ணின் கீழ் ஒரு மெல்லிய நிழல். மழித்த தாடையில் நீலச் சாம்பல் கிளேஸ் ஒன்று. தாடியை எடுக்கச் சொன்ன ஆணையும் அங்கே பதிவாகிவிடும்.

கண்ணுக்குத் தூய வெள்ளை வேண்டாம், பழுப்பேறிய தந்த நிறம். முதலில் கண் குழியைக் கருஞ்சிவப்புப் பழுப்பால் நிரப்பி, நடுவே தந்த நிறத்தைப் படகு வடிவில் வைத்து, கருவிழியை மேல் இமையைத் தொடும்படி வையுங்கள். நாலு பக்கமும் வெள்ளை தெரிந்தால் மிரண்டு பார்ப்பதுபோல் ஆகிவிடும். நேர்ப் பார்வையில் இரண்டு கண்ணையும் ஒத்துப்போகச் செய்வது சிரமம். சற்றுப் பக்கவாட்டில் பார்க்கவைத்தால் எளிது. நம் சிப்பாய்க்கு அதுவே பொருத்தம், பாராக்காரன் பார்வை அப்படித்தான் இருக்கும்.

சிவப்பு அங்கிக்கு வெள்ளை கலந்து வெளிச்சம் காட்டினால் ரோஜா நிறமாகிவிடும். ஆரஞ்சு சேர்த்து ஏற்றுங்கள், விளிம்புகளில் மட்டும் தோல் நிறம் ஒரு துளி. நிழலுக்குச் சிவப்பில் கரும்பச்சை கொஞ்சம் கலந்தால் ஆழமான பழுப்புச் சிவப்பு கிடைக்கும். சிவப்பு நிறமி பொதுவாக மூடும் சக்தி குறைந்தது. அதனால் அடியில் ஒரு செம்பழுப்புப் பூச்சு கொடுத்துவிட்டுத் தொடங்கினால் பூச்சு எண்ணிக்கை குறையும். அங்கியின் கழுத்துப் பட்டை, கைப்பட்டை நிறம் படைப்பிரிவுக்குப் பிரிவு மாறும். ஆதாரப் படத்தைப் பார்க்காமல் ஊகித்து அடிக்காதீர்கள். வரலாற்று உருவப் பிரிவில் இதைக் கவனிப்பவர்கள் உண்டு.

வெள்ளைத் துணியைத் தூய வெள்ளையில் தொடங்கினால் அதற்கு மேலே போக இடமில்லை. இளஞ்சாம்பலில் சிறிது மஞ்சள் கலந்து தொடங்கி, வெள்ளையைக் கடைசி மடிப்பு முனைகளுக்கு மிச்சம் வையுங்கள். வண்ணான் துறையில் காயும் வேட்டியைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கறுத்த தோல் சின்னம், பெட்டி, வார் இவற்றுக்கு நமக்குக் கிடைத்த பாடம் வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லை. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் தோல் ஊர்கள். ஒரு செருப்புத் தைப்பவரிடமோ பெல்ட் கடையிலோ கழிவுத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, மடித்துக் கசக்கிப் பாருங்கள். மடிப்பின் முகடு வெளிறும், ஓரம் தேய்ந்து பழுப்பாகும், நடுப்பரப்பு மட்டும் கறுப்பாகப் பளபளக்கும். அதையே உருவத்தில் செய்யுங்கள். கறுப்பை அப்படியே விடாமல் நீலச் சாம்பலால் விளிம்பு கட்டி, தேய்ந்த ஓரங்களில் ஊசிமுனை அளவு செம்பழுப்புக் கீறல்கள்.

ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முகமும் அங்கியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்ச நிழல் வித்தியாசம் போதவில்லை. புதியவர்களின் வேலையில் நான் பார்க்கும் பெரிய குறை அதுதான், பயந்து பயந்து நடுநிறத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஓர் அடி தூரத்திலிருந்து பார்க்கும்போது சற்று அதிகம் என்று தோன்றும் அளவு போங்கள்.

பேஸ்

சிப்பாய் காலடியில் கோட்டைத் தளம் வரட்டும். தெர்மாகோல் உருண்டை உருண்டையாக உதிரும், அடர்த்தியான ஃபோம் அட்டை வாங்குங்கள். கற்களாக வெட்டி, கசக்கிய அலுமினியத் தாளை அழுத்தி உருட்டினால் கருங்கல்லின் சொரசொரப்பு அப்படியே வரும். எடுத்து வைத்த படத்தைப் பாருங்கள், கல் வெறும் சாம்பல் இல்லை. இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஓடுகிறது, மழைநீர் வடிந்த இடம் கறுத்திருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு பிடி மணல் கேட்டு, டீ வடிகட்டியில் சலித்து, கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். காய்ந்த டீத்தூள் சருகுக்கும் மண்ணுக்கும், தேங்காய் நார் காய்ந்த புல்லுக்கும் பொருந்தும்.

கீழே ஒரு மரப் பீடம் இருந்தால் உருவத்தின் மதிப்பே கூடும். கட்டில் கால் கடையும் கடைசல் பட்டறையில் தேக்குத் துண்டு ஒன்றைக் கடைந்து தரச் சொல்லுங்கள். பேஸில் அளவுக்கு மீறிப் பொருள்களைக் குவிக்காதீர்கள். முகத்துக்குப் போக வேண்டிய கண் பீரங்கிக் குண்டுக்குப் போய்விடக் கூடாது.

வார்னிஷ்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதம் செய்த ஒரு குதிரை வீரனுக்கு, கார்த்திகை மாதத்து மழை மாலையில், மறுநாள் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷை ஸ்ப்ரேயில் அடித்தேன். பத்து நிமிடத்தில் உருவம் முழுக்கப் பனி மூடினாற்போல் வெளுத்துவிட்டது. காற்றிலிருந்த ஈரம் வார்னிஷுக்குள் சிக்கிக்கொண்டது. மேலே பளபளப்பு வார்னிஷைப் பிரஷால் மெல்லப் பூசியதில் ஓரளவு தெளிந்தது, ஆனால் முகம் திரும்பவில்லை. அந்த வருடம் போகவில்லை.

ஆகவே போட்டி உருவத்துக்குப் பிரஷால் பூசும் வார்னிஷ். அதையும் முதலில் பழகிய பழைய உருவம் ஒன்றில் சோதித்துவிட்டு. துணிக்கு மேட், தோல் சின்னத்துக்குச் சற்றே மினுக்கும் சாட்டின், கண்ணுக்கு ஒரு துளி பளபளப்பு. கையே படாத உருவத்துக்கு வார்னிஷ் வேண்டாம் என்பவர்களும் உண்டு. ரயிலில் போகும் நமக்கு வேண்டும்.

போட்டிக்குப் போகும் முன்

விதிகளை உருவம் வாங்கும் முன்பே படியுங்கள். பிரிட்டனில் 1987-இல் தொடங்கிய கோல்டன் டெமன் போட்டியில் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்தின் உருவங்களை மட்டுமே வைக்கலாம். அங்கே நம் சிப்பாய்க்கு இடமில்லை. எல்லாக் கன்வென்ஷனிலும் இதுபோல ஏதாவது ஒரு கட்டுப்பாடு இருக்கும். தனி உருவமா குழுவா, பேஸ் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், பெயர்ப் பலகை வைக்கலாமா, முன்பு பரிசு வாங்கிய உருவம் வரலாமா, புதியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டா என்றெல்லாம் பாருங்கள். இருந்தால் தயங்காமல் அதில் சேருங்கள்.

தீர்ப்பு முறை இரண்டு விதம். ஒன்று, முதல் மூன்று இடம் மட்டும். மற்றது திறந்த முறை: ஒவ்வொரு உருவமும் அதன் தரத்துக்கேற்பத் தங்கம், வெள்ளி, வெண்கலம் பெறும், எத்தனை பேருக்கும் தங்கம் கிடைக்கலாம். அமெரிக்காவின் ரீப்பர்கான் போன்றவை இரண்டாவது வகை. புதியவருக்குத் திறந்த முறையே ஏற்றது, பக்கத்து மேசைக்காரரோடு மோத வேண்டியதில்லை.

போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொண்டால், சுத்தம் செய்து ஒட்டி ப்ரைமர் அடிக்க மூன்று வாரம். குறைவாகத் தோன்றினால் அதையும் நான்காக்குங்கள். முகத்துக்கு மட்டும் இரண்டு வாரம். கடைசி வாரத்தில் பெயிண்ட் பாட்டிலைத் திறக்கக் கூடாது. அது வார்னிஷ் காய்வதற்கும், பீடத்தின் ஓரத்தைத் துடைப்பதற்கும், பெட்டியில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பதற்கும் உள்ள வாரம். கூடம், திண்ணை, டியூப்லைட், மஞ்சள் பல்பு எல்லா வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள். மண்டபத்து விளக்கு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எடுத்துப்போகப் பழைய பிஸ்கட் தகர டப்பா போதும். பீடத்தின் அடியில் நியோடைமியம் காந்தம் ஒட்டி, டப்பா அடியில் நிற்கவைத்துவிட்டால் அசையாது. எவர்சில்வர் டப்பா என்றால் காந்தம் பிடிக்கிறதா என்று பார்த்து எடுங்கள், பல வகைகளில் பிடிக்காது. உருவத்தைச் சுற்றிப் பஞ்சோ டிஷ்யூவோ திணிக்காதீர்கள், துப்பாக்கி முனை அதில் மாட்டி ஒடியும். காட்பாடியில் பிருந்தாவனோ லால்பாக்கோ ஏறினால் டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் வேண்டாம், ஜன்னல் வெயிலிலும் வேண்டாம். கூடவே ஒரு சிறு பை: ஃபெவிக்விக், ஒரு பிரஷ், உருவத்தில் உள்ள முக்கியமான நான்கு நிறம், சின்ன பாட்டிலில் ஆர்.ஓ. தண்ணீர், ஒரு டார்ச்.

மேசையில் வைத்ததும் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒரு சுற்றுப் பாருங்கள், நடுவரும் அப்படித்தான் பார்ப்பார். தூசி இருந்தால் உலர்ந்த மென்பிரஷால் தட்டுங்கள், வாயால் ஊதாதீர்கள். முகம் பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்கட்டும். பிறகு அங்கிருந்து நகர்ந்து மற்றவர்கள் உருவங்களைப் பாருங்கள், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

தீர்ப்பு முடிந்த பிறகு நடுவர் ஒருவரிடம், "இதில் அடுத்து நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பொறுமையாகச் சொல்வார்கள். சொன்னதை எதிர்த்துப் பேசாமல், அங்கேயே போனில் படத்தின் கீழே குறித்துக்கொள்ளுங்கள். மீதியைத் திரும்பும் ரயிலில் எழுதலாம், காட்பாடி வருவதற்குள் முடிந்துவிடும்.